நுண்பாசி அறுவடை: திரட்டுவதில் தொடங்கிப் பையில் கட்டும் வரை

பாசி வளர்ப்பது பெரிய காரியமில்லை. வளர்ந்த பாசியைத் தண்ணீரிலிருந்து பிரித்தெடுப்பதுதான் ஆளைக் கொல்லும். குளோரெல்லா என்ற ஒற்றைச் செல் பாசி 200 லிட்டர் கரும்பச்சையாக நிற்கும்போது கிலோ கணக்கில் சரக்கு இருப்பதுபோல் தெரியும். திறந்த தொட்டியில் வளர்த்தால் லிட்டருக்கு அரை கிராம் கிடைப்பதே நல்ல விளைச்சல். அதாவது 100 கிராம் உலர்ந்த பாசிக்காக 199 லிட்டருக்கு மேல் தண்ணீரை வெளியேற்ற வேண்டும்.

துணியில் வடிகட்டினால் நிற்காது. குளோரெல்லா செல்லின் குறுக்களவு 2 முதல் 10 மைக்ரான்தான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்). எந்தப் புடவைத் துணியிலும் புகுந்து போய்விடும். படியட்டும் என்று விட்டுவைத்தால் நாள் கணக்கில் ஆகும், நம்மூர் வெயிலில் அதற்குள் நாறிவிடும். வேகமாகச் சுழற்றும் சென்ட்ரிஃபியூஜ் நன்றாகப் பிரிக்கும். தொடர் ஓட்டத்துக்கான இயந்திரத்தின் விலையைக் கேட்டுவிட்டுத் திரும்பி வந்தேன்.

மிச்சமிருந்தது, திரட்டியைப் போட்டுச் செல்களை ஒன்றாகச் சேர்த்து, பிறகு மெம்பிரேனில், அதாவது நுண்துளைகள் உள்ள வடிசவ்வில், வடிப்பது. ஒரு கல்லூரி ஆய்வகத்தில் திட்ட உதவியாளராக இருந்தபோது இதைச் சரியாக ஓட்ட எனக்கு எட்டு மாதம் ஆனது. அதில் ஆறு மாதம் வீண். அந்த ஆறு மாதம் உங்களுக்கு மிச்சமாகட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

இது நன்னீரில் வளரும் குளோரெல்லா, சீனெடெஸ்மஸ் போன்ற சிறு செல் பாசிகளை 100 முதல் 500 லிட்டர் அளவில் வளர்ப்பவர்களுக்கு. நீங்கள் வளர்ப்பது ஸ்பைருலினா என்றால் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். அது சுருள் இழை. நெருக்கமான வலைத்துணியிலேயே நின்றுவிடும். ஆரோவில்லில் சிறிய பண்ணைகளிலும் துணியில்தான் வடிக்கிறார்கள். திரட்டிக்கு ஆகும் காசை வீணாக்காதீர்கள்.

1. முதலில் காகிதங்கள்

பொருள் வாங்கும் முன் வாங்க வேண்டியவை இவை. நான் தலைகீழாகச் செய்தேன்.

பாசி எங்கிருந்து வந்தது என்பதற்கு ஒரு கடிதம் வேண்டும். திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தின் பாசிச் சேகரிப்பிலோ, புனேயில் உள்ள தேசிய வேதியியல் ஆய்வகத்தின் நுண்ணுயிர்ச் சேகரிப்பிலோ வாங்கினால் எண்ணோடு தருவார்கள். நண்பர் சீசாவில் கொடுத்தது என்றால் பின்னால் ஆய்வுக் கட்டுரை எழுதும்போது மாட்டிக்கொள்வீர்கள். நம் நாட்டில் எடுத்த பாசியை வெளிநாட்டு ஆய்வகத்துக்கு அனுப்பும் எண்ணம் இருந்தால், அனுப்பும் முன் சென்னையில் இருக்கும் தேசிய பல்லுயிர் ஆணையத்தின் விதிகளைப் பாருங்கள்.

திரட்டி வாங்கும்போது பகுப்பாய்வுச் சான்று கேளுங்கள். கைட்டோசான் (இறால், நண்டு ஓட்டிலிருந்து எடுக்கும் திரட்டி) என்றால் அதில் அசெட்டைல் நீக்க விழுக்காடு (ஓட்டின் கைட்டின் எவ்வளவு தூரம் கைட்டோசானாக மாறியது என்பது), பாகுத்தன்மை, சாம்பல் அளவு, பேட்ச் எண் நான்கும் இருக்க வேண்டும். அசெட்டைல் நீக்கம் 75 விழுக்காட்டுக்குக் கீழே இருப்பதை நான் வாங்குவதில்லை. கரைவதற்கே அடம் பிடிக்கும். பேட்ச் மாறினால் நடத்தையும் மாறும். ஒரு டப்பா தீர்ந்து அடுத்ததைப் பிரித்ததும் அதே அளவைப் போட்டேன், தண்ணீர் கலங்கலாகவே நின்றது. சான்றை எடுத்துப் பார்த்தால் பாகுத்தன்மை பாதிகூட இல்லை.

மெம்பிரேனுக்குத் தரவுத்தாள். துளையளவு, பரப்பு, எந்தப் பொருளால் ஆனது, அதிகபட்ச அழுத்தம், தாங்கும் பிஎச் (அமில, கார அளவு) வரம்பு, குளோரின் எவ்வளவு தாங்கும், எந்தக் கரைசலில் வைத்துப் பாதுகாப்பது. இந்த ஏழும் இல்லாத தாளைத் தருபவரிடம் வாங்காதீர்கள். ஒரு விற்பனையாளர் "எல்லா மெம்பிரேனும் ஒன்றுதான் சார்" என்று சொல்லிக் குடிநீர் ஆர்ஓ மெம்பிரேனை என் தலையில் கட்டினார். அது உப்பைப் பிரிப்பதற்கானது, அதிக அழுத்தம் கேட்பது. தவிர, சுருட்டிவைத்த தாள்களுக்கு நடுவே இருக்கும் இடைவெளி ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. திரண்ட பாசி அதில் பத்து நிமிடத்தில் அடைத்துக்கொண்டது. திருப்பி எடுக்க மாட்டேன் என்றார். கையெழுத்தான தரவுத்தாள் இருந்திருந்தால் வாதாடியிருக்கலாம்.

அரசு நிதியில் வாங்குகிறீர்கள் என்றால் மூன்று விலைப்புள்ளிகளும், அரசுக் கொள்முதலுக்கான ஜெம் இணையதளத்தில் அந்தப் பொருள் கிடைக்கவில்லை என்பதற்கான அறிக்கையும் கேட்பார்கள். விலைப்புள்ளியில் ஜிஎஸ்டி சேர்த்தா சேர்க்காமலா, லாரிக் கட்டணம் யார் தலையில் என்பதை எழுத்தில் வாங்கிவிடுங்கள். இந்தக் காகித வேலைக்கே ஒரு மாதம் ஒதுக்குங்கள். இறக்குமதி மெம்பிரேன் என்றால் அதற்கு மேல் இரண்டு மாதம் போகலாம். ஆகவே பாசியை விதைப்பதற்கு முன்பே கொள்முதல் கடிதம் போயிருக்க வேண்டும்.

பாசியை உணவாக விற்கப் போகிறீர்கள் என்றால் உணவுப் பாதுகாப்பு உரிமம் தனிக் கதை. இங்கே ஒன்று மட்டும்: எந்தத் திரட்டியைப் போட்டீர்களோ அது பாசியோடுதான் கடைசி வரை வரும். அடுத்த படி அதனால்தான் முக்கியம்.

2. திரட்டியைத் தேர்ந்தெடுத்தல்

பாசிச் செல்லின் மேற்பரப்பு எதிர் மின்னூட்டம் கொண்டது. ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டே மிதப்பதால்தான் படிவதில்லை. நேர் மின்னூட்டம் உள்ள எதையாவது போட்டால் தள்ளுமுள்ளு அடங்கி ஒட்டிக்கொள்ளும். கலங்கல் தண்ணீர்ப் பானையில் தேத்தாங்கொட்டையை இழைத்துத் தெளியவைத்த வீடுகளில் வளர்ந்தவர்களுக்குத் திரண்டு படிவதை அதிகம் விளக்க வேண்டாம்.

ஆலம் (படிகாரம்): மிக மலிவு, எந்தக் கடையிலும் கிடைக்கும், நன்றாகத் திரட்டும். ஆனால் அலுமினியம் பாசியோடு தங்கிவிடும், சாம்பல் அளவு ஏறும். மாட்டுக்கோ மீனுக்கோ கொடுப்பதாக இருந்தால் வேண்டாம். எண்ணெய் எடுக்கவோ, கழிவுநீரைச் சுத்தம் செய்யவோ வளர்த்தால் பரவாயில்லை.

ஃபெரிக் குளோரைடு: ஆலத்தைப் போலத்தான். கூடுதலாகப் பாசியைப் பழுப்பாக்கும், மெம்பிரேனில் துருக் கறை பிடிக்கும். எனக்குப் பிடிக்கவில்லை.

பிஎச் ஏற்றுதல்: சுண்ணாம்போ காஸ்டிக் சோடாவோ போட்டு பிஎச்சை 10.5-க்கு மேல் கொண்டுபோனால், தண்ணீரில் மெக்னீசியம் இருந்தால் அது ஹைட்ராக்சைடாகப் படிந்து பாசியையும் இழுத்துக்கொண்டு இறங்கும். போர் தண்ணீர் கடினமாக இருக்கும் ஊர்களில் செலவே இல்லாத வழி. தொந்தரவு என்னவென்றால், அதே படிவு மெம்பிரேன் மேல் செதிலாகப் பிடிக்கும். வாராவாரம் ஆசிட் கழுவல் வேண்டியிருக்கும்.

பாலிஅக்ரிலமைடு: பெரிய பெரிய திரளாகக் கட்டும், பார்க்கவே ஆசையாக இருக்கும். மெம்பிரேன் வைத்திருப்பவர்கள் தொடாதீர்கள். கொஞ்சம் மிஞ்சினாலும் கோந்துபோல மெம்பிரேனில் படர்ந்துவிடும், கழுவியும் போகாது.

கைட்டோசான்: இறால், நண்டு ஓட்டிலிருந்து எடுப்பது. மட்கக்கூடியது, மிகக் குறைந்த அளவே போதும். நான் இதில்தான் நிலைத்தேன். இரண்டு எச்சரிக்கைகள். இறால், நண்டு ஒவ்வாமை உள்ளவர்கள் சாப்பிடும் பொருளில் இதைப் போட்டால் அதை மறைக்கக் கூடாது. அப்புறம், உப்பு நீரில் இது வேலை செய்யாது. கடல்நீரில் நுண்பாசி வளர்ப்பவர்கள் பிஎச் வழியையோ ஆலத்தையோதான் பார்க்க வேண்டும்.

விலையைப் பற்றி: மொத்த வியாபாரியிடம் கைட்டோசான் கிலோ இரண்டாயிரம் ரூபாய் வாக்கில் வாங்கினேன். ஆய்வகத் தரம் என்று லேபிள் ஒட்டிய பாட்டிலில் வந்தால் பல மடங்கு. லிட்டருக்கு 10 மில்லிகிராம் போட்டால் 200 லிட்டருக்கு 2 கிராம், அதாவது நான்கு ரூபாய். விலையைப் பார்த்துத் திரட்டியைத் தேர்வு செய்ய வேண்டியதில்லை என்பதற்காகச் சொல்கிறேன். காசெல்லாம் மெம்பிரேனில்தான் போகும்.

3. கைட்டோசானைக் கரைப்பது

வெறும் தண்ணீரில் இது கரையாது. 1 விழுக்காடு அசெட்டிக் அமிலம் 100 மில்லியில் 1 கிராம் கைட்டோசானைத் தூவி, காந்தக் கலக்கியில் இரவு முழுக்கச் சுற்றவிடுங்கள். அமிலம் இல்லையா, நிறமில்லாத வினிகர் போதும். லேபிளில் 4 விழுக்காடு என்றிருந்தால் ஒரு பங்குக்கு மூன்று பங்கு தண்ணீர். காலையில் கஞ்சித் தெளிவுபோல வழவழவென்று இருக்க வேண்டும். அடியில் மணல் மணலாகத் தெரிந்தால் இன்னும் கரையவில்லை என்று அர்த்தம்.

இந்தக் கரைசலின் 1 மில்லியில் 10 மில்லிகிராம் இருக்கிறது. கணக்குப் போட வசதி. ஃப்ரிட்ஜில் வைத்து ஒரு வாரத்துக்குள் தீர்த்துவிடுங்கள்.

4. ஜாடிச் சோதனை, அதில் நான் செய்த தப்பு

ஐந்து ஒரு லிட்டர் பீக்கரில் தொட்டித் தண்ணீரை எடுங்கள். கைட்டோசான் கரைசலை முறையே 0, 0.5, 1, 2, 4 மில்லி விடுங்கள். நிமிடத்துக்கு 150 சுற்று வேகத்தில் ஒன்றரை நிமிடம் கலக்குங்கள், பிறகு 30 சுற்றில் 15 நிமிடம். நிறுத்திவிட்டு அரை மணி நேரம் தொடாதீர்கள். ஜாடிச் சோதனைக் கருவி இல்லாவிட்டால் ஒரே கலக்கியில் ஒவ்வொன்றாகச் செய்யலாம், அரை நாள் போகும்.

அடியிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு உயரத்தில், எல்லா ஜாடியிலும் ஒரே இடத்தில், பிப்பெட்டால் எடுத்து 750 நானோமீட்டரில் ஒளியடர்த்தி (தண்ணீர் ஒளியை எவ்வளவு மறைக்கிறது என்ற அளவு) பாருங்கள். பச்சையம் உறிஞ்சும் 680-இல் பார்க்கலாம்தான், ஆனால் செல் நிறம் மங்கினாலும் எண் குறைந்துவிடும். தொடக்க எண்ணிலிருந்து எத்தனை விழுக்காடு குறைந்தது என்பதுதான் திரட்டும் திறன்.

என் தண்ணீரில் 20 மில்லிகிராம் ஜாடி கண்ணாடிபோலத் தெளிந்தது. 40-இல் மறுபடி கலங்கியது. அளவு மீறினால் செல்கள் இப்போது நேர் மின்னூட்டத்தைப் போர்த்திக்கொண்டு மறுபடி ஒன்றை ஒன்று தள்ளும். சரி, 20 தான் விடை என்று எழுதிவைத்து, மெம்பிரேனில் ஓட்டினேன். நாலாவது நாளே மெம்பிரேன் மூச்சு முட்டியது.

ஜாடி தெளிவது வேறு, மெம்பிரேன் வடிவது வேறு. மெம்பிரேனை அடைப்பது பாதி நேரம் செல்லே அல்ல. செல் வெளியிடும் பிசினும் மிஞ்சிய திரட்டியும்தான். மிச்சச் செல்லைப் பிடிக்க மெம்பிரேன் இருக்கிறதே, பிறகு எதற்குத் தண்ணீரைக் கண்ணாடிபோலத் தெளிய வைக்க வேண்டும்?

ஆகவே ஜாடிச் சோதனையோடு ஒன்றைச் சேருங்கள். 0.45 மைக்ரான் வடிதாள், வெற்றிடப் பம்ப், மொபைல் ஸ்டாப்வாட்ச். ஒவ்வொரு ஜாடியையும் மெதுவாகக் கலக்கி 100 மில்லி எடுத்து, ஒரே வெற்றிடத்தில், ஒவ்வொரு முறையும் புதுத் தாளில் வடியும் நேரத்தைக் குறியுங்கள். 0 ஜாடி வடிவதற்குள் ஒரு டீ குடித்துவிட்டு வரலாம். அளவு கூடக்கூட நேரம் சட்டென்று குறையும், ஓரிடத்தில் நின்றுவிடும், பிறகு மறுபடி ஏறும். அது குறைவது எந்த அளவில் நிற்கிறதோ அந்த அளவைப் பிடியுங்கள். எனக்கு 10 மில்லிகிராமிலேயே நின்றது. 20 ஜாடிக்கும் அதற்கும் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசமில்லை. அன்றிலிருந்து பாதி அளவில்தான் ஓட்டுகிறேன்.

இந்த எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். செல் அடர்த்தி, பாசியின் வயது இரண்டும் சேர்ந்து மாற்றும். வளர்ச்சி நின்று பழுத்த தொட்டியில் பிசின் அதிகம், திரட்டியும் அதிகம் கேட்கும். அதனால் வளர்ச்சி ஓய்வதற்கு ஒரு நாள் முன்பே அறுவடை செய்துவிடுகிறேன்.

இன்னொரு பொறி, இதுதான் என்னை அதிகம் படுத்தியது. காலையில் செய்த சோதனை அருமையாக வரும், மதியம் அதே அளவைப் பீப்பாயில் போட்டால் ஒன்றும் நடக்காது. கரைசல் கெட்டுவிட்டதோ, கலக்கல் போதவில்லையோ என்று மூன்று வாரம் தேடினேன். கடைசியில் பிஎச் மீட்டரை நாள் முழுக்கத் தொட்டியில் வைத்துப் பார்த்தேன். விடியலில் 7.2, பிற்பகல் மூன்று மணிக்கு 9.6. வெயிலில் பாசி கரியமில வாயுவைத் தின்னத் தின்ன பிஎச் ஏறும். இரவில் மூச்சு விட்டு இறங்கும். கைட்டோசானின் மின்னூட்டம் பிஎச் ஏற ஏறப் போய்விடும். ஆகவே விடியற்காலையில் அறுவடை செய்யுங்கள். முடியாதென்றால் கரியமில வாயுவைக் குமிழ விட்டோ, நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டோ 7-க்குப் பக்கத்தில் கொண்டுவந்த பிறகு திரட்டியைப் போடுங்கள்.

5. மெம்பிரேன்: எது, எப்படி மாட்டுவது

கேட்க வேண்டியது: நீரில் மூழ்கவைக்கும் வகை, உள்ளீடற்ற (உள்ளே குழலாக இருக்கும்) இழைக் கட்டு, பிவிடிஎஃப் என்ற பிளாஸ்டிக்கால் ஆனது, 0.1 மைக்ரானை ஒட்டிய துளை. கழிவுநீர்ச் சுத்திகரிப்புக்கு விற்பவர்களிடம் சிறிய கட்டும் இருக்கும். பிவிடிஎஃப் ஏன் என்றால் குளோரின் கழுவலைத் தாங்கும். காஸ்டிக் அதிகமானால்தான் அதற்கு ஆகாது.

மூழ்கவைக்கும் வகை ஏன் என்பதுதான் முக்கியம். முதலில் நான் குழாய் வழியாகப் பாசி நீரைப் பம்பால் சுற்றவிடும் அமைப்பை வைத்திருந்தேன். தொட்டியில் பார்த்தால் திரள்கள் ரவை ரவையாக அழகாக இருக்கும். பம்பைத் தாண்டிய பிறகு எடுத்துப் பார்த்தால் பச்சைக் கஞ்சி. பம்பின் இறக்கைகள் அத்தனை திரளையும் அடித்து உடைத்துவிடும். பாடுபட்டுத் திரட்டியதே வீண். மூழ்கவைத்த மெம்பிரேனில் பாசி பம்புக்குள் போவதே இல்லை, வெளியேறும் தெளிந்த நீரை மட்டும்தான் இழுக்கிறோம்.

அந்தப் பம்பும் தேவையில்லை. தொட்டியை மேடையில் வைத்து, மெம்பிரேனின் வெளியேற்றுக் குழாயை நீர்மட்டத்துக்கு ஒன்றரை மீட்டர் கீழே தொங்கவிட்டு, ஒருமுறை உறிஞ்சி விட்டால் சைஃபன் இழுக்கும். ஒரு மீட்டர் உயரத்துக்கு ஏறத்தாழ 0.1 பார் அழுத்தம். ஒன்றரை மீட்டருக்கு 0.15 பார், கரண்ட் இல்லாமல். வேகம் கூட்ட வேண்டுமா, குழாய் நுனியை இறக்குங்கள். குறைக்க வேண்டுமா, ஏற்றுங்கள். குழாயில் காற்று புகுந்தால் இழுப்பு நின்றுவிடும், ஆகவே இணைப்புகளில் டெஃப்லான் டேப் தாராளமாகச் சுற்றுங்கள்.

தொட்டிக்கு அடி கூம்பாக இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் குழாய் உள்ள நீலப் பீப்பாயை ஒரு பக்கம் செங்கல் கொடுத்துச் சாய்த்து வையுங்கள், குழாய் தாழ்ந்த பக்கம் வரட்டும். மெம்பிரேனை மேல் பாதியில் தொங்கவிடுங்கள். பெரிய திரளெல்லாம் அடியில் இறங்கிவிடும், மிதக்கும் மிச்சம் மட்டுமே மெம்பிரேனுக்கு வரும். மெம்பிரேனுக்கு நேர் கீழே மீன்தொட்டிக் காற்றுக் குழாயை வைத்து ஒன்பது நிமிடம் வடித்து ஒரு நிமிடம் வெளியேற்றுக் குழாயை மூடிக் காற்று மட்டும் விடுங்கள். இழை ஆடும், மேலே படிந்தது உதிரும். காற்று அடியில் படிந்ததைக் கிளறாத அளவுக்கு உயரம் வேண்டும், ஒரு சாண் போதும்.

பரப்பு எவ்வளவு வேண்டும்? சதுர மீட்டருக்கு மணிக்கு 25 லிட்டர் வடியும் என்று வையுங்கள். 200 லிட்டரில் 180-ஐ வெளியேற்ற வேண்டும். 1.5 சதுர மீட்டர் இருந்தால் மணிக்கு 37.5 லிட்டர், ஐந்து மணி நேரத்துக்குள் முடியும். இடையில் நிறுத்தும் நிமிடங்களைச் சேர்த்தால் ஐந்தரை. பாதிப் பரப்பை வாங்கி நாள் முழுக்க ஓட்டலாம் என்று மிச்சம் பிடிக்காதீர்கள். திரண்ட பாசி சூட்டில் அத்தனை நேரம் தாங்காது. எனக்கு இந்த அளவுக் கட்டு வரியும் லாரியும் சேர்ந்து 15,000 ரூபாயை ஒட்டி வந்தது. பீப்பாய், குழாய், காற்றுப் பம்ப், இரும்பு மேடை எல்லாம் இன்னொரு 8,000.

புது மெம்பிரேன் கிளிசரினில் ஊறிக் காயாமல் வரும். ஒரு இரவு நல்ல தண்ணீரில் ஊறவைத்து, முதலில் வடியும் நீரைக் கொட்டிவிடுங்கள். அது தொட்டிக்குள் போனால் பாக்டீரியாவுக்கு விருந்து. பிறகு வெறும் தண்ணீரில் ஒரு மீட்டர் உயரத்தில் மணிக்கு எத்தனை லிட்டர் வடிகிறது என்று அளந்து, அந்த எண்ணையும் தேதியையும் பீப்பாய் மேலேயே மார்க்கரில் எழுதுங்கள். இனிமேல் எல்லாக் கழுவலையும் இந்த எண்ணோடுதான் ஒப்பிடப் போகிறீர்கள்.

6. அறுவடை நாள்

காலை 6 மணி. பிஎச் பாருங்கள், ஒளியடர்த்தி பாருங்கள். 200 லிட்டரைப் பீப்பாய்க்கு மாற்றுங்கள்.

கைட்டோசான் கரைசல் 200 மில்லியை எடுத்து இரண்டு லிட்டர் தண்ணீரில் நீர்க்கச் செய்யுங்கள். இதைத் தவிர்க்காதீர்கள். கெட்டிக் கரைசலை அப்படியே ஊற்றினால் ஊற்றிய இடத்தில் சளிபோல நூல் நூலாகத் திரிந்து, மற்ற இடத்துக்குப் போகவே போகாது. கலக்கி சுற்றும் இடத்தில் மெல்லிய தாரையாக ஊற்றுங்கள். நான் பயன்படுத்துவது துளைக்கும் இயந்திரத்தில் மாட்டும் பெயின்ட் கலக்கி. முதல் இரண்டு நிமிடம் வேகமாக, பிறகு இயந்திரத்தை வைத்துவிட்டுத் துடுப்புக் கட்டையால் கையாலேயே பதினைந்து நிமிடம். அவசரப்பட்டு இயந்திரத்தையே தொடர்ந்தால் கட்டிய திரளை நீங்களே உடைப்பீர்கள்.

ஐந்தாவது நிமிடத்தில் ஒரு கண்ணாடி டம்ளரில் மொண்டு வெளிச்சத்தில் தூக்கிப் பாருங்கள். பச்சை மூட்டம் விலகி, நடுவே தண்ணீர் தெரிய ஆரம்பிக்கும். பத்தாவது நிமிடத்தில் ரவை அளவுத் துகள்கள் ஓடும். துகள் இருந்து நடுவில் லேசாகப் பச்சை மூட்டமும் இருந்தால் சரியான நிலை. மூட்டம் அப்படியே இருந்தால் பிஎச்சை மறுபடி பாருங்கள், திரட்டியைக் கூட்டாதீர்கள்.

அரை மணி நேரம் படியவிட்டு, 7 மணி வாக்கில் சைஃபனை அரை மீட்டர் உயரத்தில் தொடங்குங்கள். அளவு ஜாடியும் ஸ்டாப்வாட்சும் வைத்து ஒரு நிமிடத்துக்கு எத்தனை மில்லி என்று எழுதுங்கள். கால் மணி கழித்து ஒரு மீட்டருக்கு இறக்குங்கள். வடிவதும் அதே விகிதத்தில் கூடினால் நல்லது. பிறகு ஒன்றரை. இறக்கியும் கூடவில்லை என்றால் நீங்கள் செய்வது மெம்பிரேன் மேல் பாசியை அப்பளமாக அமுக்குவதுதான். முந்தைய உயரத்துக்கே திரும்புங்கள். எனக்குப் பெரும்பாலும் ஒரு மீட்டரிலேயே ஓடுகிறது.

வடியும் நீர் நிறமற்று இருக்க வேண்டும். லேசாகப் பச்சை தட்டினால் ஏதோ ஓர் இழை அறுந்திருக்கிறது. வெளியேற்றுக் குழாயில் மெதுவாகக் காற்றை ஊதினால் அறுந்த இடத்திலிருந்து குமிழி கோடாக வரும். அந்த இழையின் நுனியை எபாக்சி வைத்து அடைத்துவிடுங்கள், முழு இழைக் கட்டையும் தூக்கிப் போட வேண்டாம்.

நீர்மட்டம் இறங்கும்போது மெம்பிரேனின் மேல் பகுதி வெளியே தெரிந்தால் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருங்கள், அல்லது இழைக் கட்டைக் கீழே இறக்குங்கள். இழை காய்ந்தால் துளைகள் மூடிக்கொள்ளும், பிறகு அந்தப் பகுதி கதை முடிந்தது.

வடிந்த நீரைத் தொட்டிக்கே திருப்பிவிடலாம். கரைந்த உரம் அதில் மிச்சமிருக்கிறது. ஒவ்வொரு முறையும் கைட்டோசானோடு போன கொஞ்சம் அசெட்டிக் அமிலமும் அதில் சேரும், பாக்டீரியாவுக்குத் தீனி. நான் மூன்று முறைக்கு மேல் ஒரே நீரைச் சுற்றவிடுவதில்லை.

7. பையில் கட்டுவது

மதியம் பீப்பாயின் அடியில் 20 லிட்டர் குழம்பு மிஞ்சும். இப்போது துணி உதவும். திரண்டிருப்பதால், தனிச் செல்லைப் பிடிக்காத 25 மைக்ரான் நைலான் வலைப்பையே பிடித்துவிடும். அடிக்குழாயைத் திறந்து மெதுவாகப் பையில் இறக்குங்கள், கட்டித் தொங்கவிடுங்கள். பிழியாதீர்கள். தயிரை வடிகட்டத் துணியில் கட்டித் தொங்கவிடுவதுபோலத்தான், தானாகச் சொட்டட்டும். பிழிந்தால் திரள் உடைந்து பச்சைத் தண்ணீர் வெளியே வரும்.

இரண்டு மூன்று மணி நேரத்தில் இட்லி மாவு பதத்துக்கு வரும். அதில் பத்தில் ஒரு பங்கு திடப்பொருள். தட்டில் மெல்லியதாகப் பரப்பி 50 முதல் 60 டிகிரியில் காயவையுங்கள். இரவு தாண்டி ஈரமாக வைக்காதீர்கள். ஒருமுறை பையை அப்படியே தொங்கவிட்டுவிட்டுச் சனி ஞாயிறு ஊருக்குப் போய்விட்டேன். திங்கள்கிழமை ஆய்வகத்தில் யாரும் என்னோடு பேசவில்லை.

8. கழுவுதல்

தினமும்: மெம்பிரேனை எடுத்து குழாய்த் தண்ணீரில் மெல்லிய தாரையில் அலசுங்கள். வடிந்த நீர் ஒரு வாளி எடுத்து ஒரு மீட்டர் மேலே தூக்கி, வெளியேற்றுக் குழாய் வழியாக உள்ளே விடுங்கள். உள்ளிருந்து வெளியே தள்ளும்போது துளையில் சிக்கியது வரும். ஐந்து நிமிட வேலை.

வாரம் ஒருமுறை: 20 லிட்டர் தண்ணீரில் 4 விழுக்காடு சோடியம் ஹைப்போகுளோரைட் 100 மில்லி, அதாவது 200 பிபிஎம் (பத்து லட்சத்தில் 200 பங்கு). ஒரு மணி நேரம் ஊறட்டும். வாசனை போகும்வரை அலசுங்கள். பிறகு 200 கிராம் சிட்ரிக் அமிலம் இன்னொரு 20 லிட்டரில், ஒரு மணி நேரம். குளோரின் பிசினைக் கரைக்கும், அமிலம் உப்புச் செதிலையும் இரும்பையும் கரைக்கும். இரண்டும் ஒன்றோடொன்று கலக்கவே கூடாது. குளோரின் வாயு கிளம்பும், மூடிய அறையில் உயிருக்கே ஆபத்து. நடுவில் அலசுவதைச் சுருக்காதீர்கள், வெளியில் வைத்துச் செய்யுங்கள், கையுறை கண்ணாடி போடுங்கள்.

கழுவிய பின் ஒரு மீட்டர் உயரத்தில் நல்ல தண்ணீர் வடியும் வேகத்தைப் பாருங்கள். பீப்பாயில் எழுதிய எண்ணில் பத்தில் ஒன்பது பங்கு வந்தால் போதும். எட்டுக்குக் கீழே போனால் இன்னொரு சுற்று. மூன்று சுற்றுக்குப் பிறகும் வரவில்லை என்றால் திரட்டி அளவு அதிகம் என்று அர்த்தம், நாலாம் படிக்குத் திரும்புங்கள்.

குளோரின் கழுவிய நீரைப் பாசித் தொட்டிக்கோ, அதில் போய்ச் சேரும் வாய்க்காலுக்கோ விடாதீர்கள். நான் ஒருமுறை அலசிய நீர்தானே என்று அசட்டையாக விட்டேன். இரண்டு நாளில் தொட்டி வெளுத்தது, விதைப் பாசியிலிருந்து மறுபடி தொடங்கினேன். சோடியம் தயோசல்ஃபேட் கொஞ்சம் போட்டு முறித்துவிட்டு வெளியேற்றுங்கள். பெரிய அளவில் செய்து கழிவை வெளியே விடுவதாக இருந்தால் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவு வேண்டும். வளாகத்துக்கு ஏற்கெனவே இருக்கிறதா என்று அலுவலகத்தில் கேளுங்கள்.

ஒரு வாரத்துக்கு மேல் ஓட்டாமல் வைப்பதாக இருந்தால் 1 விழுக்காடு சோடியம் பைசல்ஃபைட் கரைசலில் முழுக மூழ்கடித்து மூடிவையுங்கள். மறுபடி எடுக்கும்போது நன்றாக அலசி, முதல் வாளி நீரைக் கொட்டிவிட்டுத் தொடங்குங்கள்.

நோட்டில் ஒவ்வொரு அறுவடைக்கும் இந்த வரிசையில் எழுதுகிறேன்: தேதி, பாசியின் வயது, காலை பிஎச், ஒளியடர்த்தி, கைட்டோசான் பேட்ச் எண், அளவு, முதல் மணி வடிந்த லிட்டர், கடைசி மணி வடிந்த லிட்டர், உலர் எடை. முதல் மணிக்கும் கடைசி மணிக்கும் நடுவில் வடிவது பாதிக்குப் பாதி விழுந்த நாட்களைச் சுற்றி வட்டம் போடுங்கள். என் நோட்டில் வட்டம் போட்ட நாட்களில் பெரும்பாலானவற்றில் காலை பிஎச் கட்டம் காலியாக இருக்கிறது.